நடத்துபவரே கண்காணித்தால்?

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். உரிமமில்லாமல் காப்பகம் நடத்தக் கூடாது என்றும், மாநிலந்தோறும் மனநல ஆணையம் வேண்டும் என்றும் சொன்ன 1987-ஆம் ஆண்டுச் சட்டம் அப்போதும் அமலில் இருந்தது. அதன் இடத்தில் வந்த 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை அறவே தடைசெய்தது. மனநல நிறுவனங்களைப் பதிவு செய்வது, தரம் வகுப்பது, புகார் பெறுவது ஆகிய பணிகளை மாநில ஆணையத்திடம் ஒப்படைத்தது. நோயை அனுபவித்தவர்களுக்கு இரண்டு இடம், அவர்களைப் பராமரிப்பவர்களுக்கு இரண்டு இடம் என ஒதுக்கியதும் நல்ல முன்னேற்றம்தான். ஆனால் 46-ஆவது பிரிவை முழுதாகப் படித்தால் உற்சாகம் வடிந்துவிடுகிறது. தலைவர், சுகாதாரத் துறைச் செயலாளர். கூடவே அதே துறையின் இணைச் செயலாளர், இயக்குநர், மனநல மருத்துவமனை ஒன்றின் அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவு ஒன்றின் தலைவர், பிற துறை அதிகாரிகள். 1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை மீது புகார் வந்தால், அந்த மருத்துவமனைக்குப் பொறுப்பான துறையின் செயலாளரே அதை விசாரிக்கும் அமைப்புக்கும் தலைவர். தேர்வு எழுதியவர் கையிலேயே விடைத்தாளைத் திருத்தக் கொடுப்பது போன்ற ஏற்பாடு இது. அதிகாரி எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் இந்தக் கோணல் நிமிராது.

ஆகவே தலைவர் துறைக்கு வெளியிலிருந்து வர வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது அரசு ஊழியராகவோ சிகிச்சை அளிப்பவராகவோ இல்லாதவராக இருக்க வேண்டும். அமெரிக்காவில் மனநலத்துக்கான மத்திய நிதியைப் பெறும் மாநிலங்களின் திட்டக் குழுக்களுக்கு இந்தப் பாதிக் கணக்கு சட்டப்படியே கட்டாயம். செயலாளர் தலைவராக இல்லாவிட்டால் கோப்பு நகராது என்பார்கள். அவர் உறுப்பினராக இருந்து பதில் சொல்லட்டுமே, யார் தடுத்தது? மனநோயாளிகளால் கொள்கை முடிவுகளை எடை போட முடியுமா என்ற சந்தேகமும் எழும். தன் சிகிச்சையைத் தானே தீர்மானிக்கும் திறன், மனநோய் இருப்பதாலேயே ஒருவருக்கு இல்லாமல் போய்விடாது என்று இதே சட்டம் ஏற்கிறது. சிகிச்சை அறையில் ஏற்றதைக் கூட்ட அறையில் மறுப்பதற்குக் காரணம் இல்லை. எண்ணிக்கை மட்டும் அதிகாரம் ஆகிவிடாது என்ற வாதத்தில்தான் வலு இருக்கிறது. அமெரிக்கக் குழுக்களும் ஆலோசனைதான் சொல்ல முடியும். அதனால்தான் மூன்றாவதாக ஒரு திருத்தமும் வேண்டும்: ஆணையத்தின் ஆலோசனையை நிராகரிக்கும் அரசு, குறித்த காலத்துக்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

மத்தியச் சட்டத்தை மாநிலம் தொட முடியுமா என்றால், மனநோய் பொதுப் பட்டியலின் 16-ஆவது இனத்தில் இருக்கிறது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநிலமே திருத்தலாம். அதற்கு நாளாகும். ஆண்டுக்கு நான்கு முறையாவது ஆணையம் கூட வேண்டும் என்பது இப்போதே சட்டம். அந்தக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகளை வெளியிட எந்தத் திருத்தமும் தேவையில்லை.