முதலில் பிரேக்

சுந்தரர் பிறந்த ஊர் எங்கள் திருநாவலூர். தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையை அவ்வழியே வந்த நரசிங்க முனையரையர் கண்டு, பெற்றோரிடம் கேட்டு வாங்கித் தம் வீட்டில் வளர்த்தார் என்பது பெரியபுராணக் கதை. பெரிய தேரை இழுக்க ஊரே வடம் பிடிக்க வேண்டும். சிறுதேருக்கு ஒரு பிள்ளையின் கை போதும். நினைத்த பக்கம் திரும்பும், நினைத்த இடத்தில் நிற்கும். கார்களிலும் அப்படியொரு சிறுதேர் வகை உண்டு. அதற்கு ‘ஹாட் ஹேட்ச்’ என்று பெயர்.

டிக்கி தனியாகப் பின்னால் நீளாமல், பின்கண்ணாடியோடு சேர்ந்து மேலே தூக்கும் கதவு உள்ள சின்னக் காரை ஹேட்ச்பேக் என்கிறோம். ஸ்விஃப்ட், ஐ20, டியாகோ எல்லாம் இந்த வகைதான். அதே உடம்பில் சக்தி கூடிய எஞ்சினையும் இறுக்கமான சஸ்பென்ஷனையும் பொருத்தினால் ஹாட் ஹேட்ச். 1976-ல் விற்பனைக்கு வந்த ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ இதற்கு வழிகாட்டி. எடை 810 கிலோ, எஞ்சின் 110 குதிரைத்திறன். 5,000 கார் விற்றால் போதும் என்று தொடங்கினார்கள்; முதல் தலைமுறை மட்டுமே நாலரை லட்சத்தைத் தாண்டியது.

நம் பக்கத்திலும் இந்தக் கைவேலை நடந்திருக்கிறது. 2018 அக்டோபரில் வந்த டியாகோ ஜேடிபி கோவையில் மெருகேறிய கார். டாடாவோடு சேர்ந்து அதை உருவாக்கியது கோவையின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ். 1.2 லிட்டர் டர்போ எஞ்சின், 114 குதிரைத்திறன், கொஞ்சம் தாழ்த்திய உடம்பு, விலை ஆறரை லட்சத்துக்குள். இரண்டு ஆண்டுகூட விற்கவில்லை. அது நின்றுபோனதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. இப்போது ஐ20 என் லைன் 120 குதிரைத்திறனோடு ஓடுகிறது. அது தயாராகும் ஹுண்டாய் ஆலை இருக்கும் இருங்காட்டுக்கோட்டையில்தான் சென்னையின் பந்தயத் தடமும் இருக்கிறது.

1990-ல் திறந்த அந்தத் தடத்தின் நீளம் 3.7 கிலோமீட்டர், வளைவுகள் பன்னிரண்டு. அதற்கு முன் பந்தயங்கள் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்தன. எங்களுக்குப் பக்கத்து உளுந்தூர்பேட்டையிலும் அதே காலத்து ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. திருநாவலூர்க்காரருக்கு இரண்டு தடங்கள் எட்டும். மடப்பட்டில் நெடுஞ்சாலை ஏறி வடக்கே போனால் இருங்காட்டுக்கோட்டை. தெற்கே உளுந்தூர்பேட்டை போய், கள்ளக்குறிச்சி, சேலம் வழியாக மேற்கே போனால் கோவை செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே.

இந்தத் தடங்களில் ‘ட்ராக் டே’ நடக்கும். அது பந்தயம் அல்ல, பரிசும் கிடையாது. கட்டணம் கட்டி, காரைப் பரிசோதனைக்குக் காட்டி, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, பதினைந்து இருபது நிமிடத் தவணைகளாக ஓட்டலாம். தினமும் வேலைக்குப் போகிற காரையே கொண்டு போகலாம். நெடுஞ்சாலையில் மாடும் மனிதரும் குறுக்கே வருவார்கள். அங்கே காரின் எல்லையைத் தேடுவது கொலைக்குச் சமம். தேட வேண்டிய இடம் தடம்.

முதல் தடவை போகிறவர்கள் பெரும்பாலும் எஞ்சினைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். நானும் அப்படித்தான் போனேன். நாலாவது சுற்றில் நேர்பாதை முடிந்து பிரேக்கை மிதித்தபோது பெடல் பஞ்சு மாதிரி அமுங்கி அடிவரை போனது. விட்டு விட்டு இரண்டு மூன்று தடவை மிதித்த பிறகே கார் அடங்கியது. எஞ்சினில் எந்தக் குறையும் இல்லை. பிரேக் ஆயில் மாற்றி மூன்று வருஷம் ஆகியிருந்தது, அவ்வளவுதான்.

ஏன் அப்படி ஆகிறது? ஆளோடு சேர்த்து 1,100 கிலோ எடையுள்ள கார் 140 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60-க்கு இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அந்த ஓட்டத்தின் ஆற்றல் மறைந்துவிடாது. பிரேக் பேடும் டிஸ்கும் உரசிச் சூடாக மாறும். கணக்குப் போட்டால், குழாய்த் தண்ணீர் இரண்டு லிட்டருக்கு மேல் கொதிக்கிற அளவு சூடு. அது மூன்று நாலு விநாடியில் பிறக்கிறது. அடுத்த வளைவில் மறுபடி, அதற்கடுத்ததில் மறுபடி. கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் பஸ் டிரைவர் கியரைக் குறைத்துக்கொண்டு இறங்குவதும் இதற்காகத்தான். மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் காய்ந்து பிடிக்காமல் போகும் என்பது அவருக்குக் கைப்பழக்கமாகத் தெரியும்.

பெடலை மிதிக்கும் அழுத்தத்தைச் சக்கரம்வரை கொண்டுபோவது பிரேக் ஆயில். திரவம் அமுங்காது, அதனால்தான் அழுத்தம் அப்படியே போய்ச் சேர்கிறது. ஆனால் அதற்கு ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. மழைக்காலத்தில் மூடாத உப்பு ஜாடியில் ஈரம் கோத்துக்கொள்வது போல, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். ‘டாட் 4’ ரக ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. நூற்றுக்கு நாலு பங்குக்குச் சற்றுக் குறைவான ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகும். குமிழி அமுங்கும். மிதிக்கிற மிதியெல்லாம் குமிழியை நசுக்கவே போய்விடும், சக்கரத்துக்கு ஒன்றும் சேராது.

பானெட்டைத் திறந்து அந்தச் சின்ன டப்பாவைப் பாருங்கள். புது ஆயில் இளம் தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும். வரக்காப்பி நிறத்துக்குப் போயிருந்தால் யோசிக்கவே வேண்டாம். நிறம் நன்றாக இருந்தாலும் தடத்துக்குப் போகும் முன் மாற்றிவிடுவதே என் வழக்கம். சீல் உடைக்காத டப்பாவிலிருந்து ஊற்றி, நாலு சக்கரத்திலும் ஏர் எடுக்கச் சொல்லி, கூடவே நில்லுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தருகே நிப்பிளைத் திறந்து மூடுவார். குழாயில் குமிழி வருவது நின்று, நிறம் மாறிய பிறகே அடுத்த சக்கரம். அப்படியே பேடையும் பார்த்துவிடுங்கள். பாதி தேய்ந்த பேட் தடத்துக்கு ஆகாது.

தவணை முடிகிறபோது கடைசிச் சுற்றை பிரேக் மிதிக்காமல் மெதுவாக ஓட்டி, டிஸ்கைக் காற்றில் ஆறவிட வேண்டும். நிறுத்திய பிறகு ஹேண்ட்பிரேக் இழுக்கக் கூடாது. கொதிக்கிற பேடும் லைனிங்கும் ஒரே இடத்தில் அழுந்திக்கிடந்தால் அங்கேயே ஒட்டிப் படியும். கியரில் போட்டுவிட்டு, சக்கரத்துக்கு ஒரு மரக்கட்டை வையுங்கள். தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் செய்கிற அதே வேலை.

அடுத்தது டயர். இந்தச் சின்னக் கார்களில் எஞ்சின் முன்சக்கரங்களையே சுழற்றுகிறது. இழுப்பது, திருப்புவது, நிறுத்துவதில் பெரும்பங்கு எல்லாம் முன்டயர் இரண்டின் தலையில். வளைவில் அவசரப்பட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், ஸ்டியரிங் திரும்பியிருந்தும் மூக்கு நேராகவே போகும். பாரம் தாங்காமல் டயர் கைவிட்டுவிட்டது என்று பொருள். கூடுதலாகத் திருப்பினால் சரியாகாது. காலைத் தளர்த்தினால் சரியாகும், அதையும் மெல்லச் செய்ய வேண்டும். சட்டென்று எடுத்தால் பாரம் முன்னால் சாய்ந்து பின்பக்கம் வழுக்கும்.

டயர் காற்றின் கணக்கு எளிது. 30 டிகிரியில் 32 பிஎஸ்ஐ அடித்து ஓட ஆரம்பித்தால், உள்ளே இருக்கும் காற்று 80 டிகிரிக்குச் சூடேறும்போது அது 40-ஐ நெருங்கும். டயர் நடுவில் உப்பி, தரையைத் தொடும் பரப்பு குறையும். அதனால் பலர் 28 அளவில் ஆரம்பிக்கிறார்கள், சூடேறினால் 35. தவணை முடிந்து வந்த உடனே, ஆறும் முன், அளந்து குறித்துக்கொள்ளுங்கள். டயரின் தோளில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனால், எதுவரை உரசியிருக்கிறது என்று அழிந்த இடம் சொல்லும். கோடு முழுக்க அழிந்து பக்கச்சுவரும் உரசியிருந்தால் காற்று குறைவு. கோடு அப்படியே இருந்தால் அதிகம்.

அலைன்மென்டில் ஒன்று மட்டும் சொல்கிறேன். வளைவில் உடம்பு வெளிப்பக்கம் சாய்வதால் டயரின் வெளி ஓரமே எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. சக்கரத்தின் தலையை உள்நோக்கிச் சற்றுச் சாய்த்து வைத்தால் வளைவில் டயர் முழுதாகப் படியும். இதுதான் கேம்பர். தடத்துக்கென்றே வைத்திருக்கும் காரில் இரண்டு டிகிரிக்கு மேலும் வைப்பார்கள். மறுநாள் கள்ளக்குறிச்சிக்கு வேலைக்குப் போகிற காருக்கு ஒன்றரையைத் தாண்ட வேண்டாம். உள் ஓரம் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

எஞ்சினுக்கு இவ்வளவு போதும்: ஆயில் புதிதாக, மேல் கோட்டு அளவில், கூலன்ட் முழுதாக, டர்போ காரென்றால் 95 ஆக்டேன் பெட்ரோல். கத்திரி வெயிலில் சூடான காற்றை டர்போ மேலும் அழுத்தும்போது பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடிக்கப் பார்க்கும். அதைத் தடுக்கக் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தும், சக்தி இறங்கும். மே மாத மதியத்தில் மந்தமாக ஓடிய அதே கார் டிசம்பர் காலையில் துள்ளுவது இதனால்தான். கணினியை மாற்றி எழுதும் ‘ரீமேப்’ சக்தியைக் கூட்டும், கூடவே சூட்டையும் கூட்டும். அந்தச் சூட்டை ஆள வழியில்லாத காருக்கு அதைச் செய்யாதீர்கள். உத்தரவாதமும் போய்விடும். பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் சாதாரண வாகனக் காப்பீடு பொருந்தாது என்பதையும் பாலிசியை எடுத்து ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணீர் பாட்டில், காலடி விரிப்பு எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள். பெடலுக்கு அடியில் உருளும் ஒரு பாட்டில் போதும், பிரேக்கைத் தடுக்க. வீல் நட்டை டார்க் ரெஞ்சால், அந்தக் காரின் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். ஒவ்வொரு தவணைக்குப் பின்னும் மறுபடி சோதியுங்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு வேலை மறந்துபோகும். சூட்டில் 33 இருக்கட்டும் என்று காற்றை இறக்கிவிட்ட டயர், ஆறியதும் 26-க்கு வந்துவிடும். நாலு பேர் ஏறி அப்படியே நெடுஞ்சாலையில் கிளம்பினால் டயர் சூடேறி வெடிக்க அது போதும். தடத்தை விட்டு வெளியே வந்ததும் முதல் பங்க்கில் நிறுத்தி, நாலு டயரிலும் காற்றை நிரப்பிக்கொண்டு ஊருக்கு வாருங்கள்.