ஆப்பிரிக்கா இருண்ட கண்டமோ?

ஒரு நாட்டின் மலையும் ஆறும் அந்நாட்டு மக்களின் வாழ்வை உருவாக்கும் என்பது பூகோள நூலார் பலகாலும் கூறும் உண்மையாகும். அந்நாட்டைப்பற்றிப் பிறர் கொள்ளும் எண்ணத்தையும் அவையே உருவாக்கும் என்பதோ அத்துணை நினைக்கப்படுவதில்லை. இதற்கு ஆப்பிரிக்கா தக்க சான்றாகும். 1878-ஆம் ஆண்டில் ஹென்றி ஸ்டான்லி என்பார் தம் பயண வரலாற்றிற்கு இட்ட தலைப்பினால் 'இருண்ட கண்டம்' என்னும் பெயர் உலகெங்கும் பரவிற்று. தமிழிலும் அப்பெயர் வழங்கலாயிற்று. அவ்விருள் இருந்தது அந்நிலத்திலா, அங்கு வாழ்ந்த மக்களிடத்திலா, அன்றிப் புறத்தே நின்று நோக்கியவர் கண்களிலா? இவ்வினாவிற்குரிய விடையின் பெரும்பகுதி அக்கண்டத்தின் தரையமைப்பிலேயே கிடைக்கின்றது. அதனை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

ஆப்பிரிக்கா கண்டங்களுள் இரண்டாவது பெரியது. உலகின் நிலப்பரப்பில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கினது. சுமார் 1 கோடியே 17 லட்சம் சதுர மைல் விரிவுடையது. பூமத்திய ரேகை அதன் இடையே செல்கின்றது. வடமேற்கில் அட்லஸ் மலைகளும் தென்கோடியில் கேப் மலைகளும் நீங்கலாக, மடிந்தெழுந்த நெடுமலைத் தொடர்கள் அங்கு மிகுதியாக இல்லை. பெரும்பாலும் தொன்மையான பாறைகளாலாகிய பீடபூமியே அக்கண்டம். அதனை நம் இல்லங்களின் முன்னுள்ள உயர்ந்த திண்ணைக்கு ஒப்பிடலாம். திண்ணையின் மேற்புறம் பரந்தது, விளிம்போ செங்குத்தானது. அதன் அடியிலுள்ள குறுகிய தாழ்வாரம் போன்றதே ஆப்பிரிக்காவின் கடற்கரைச் சமவெளி. இத்திண்ணை தெற்கிலும் கிழக்கிலும் மிக உயர்ந்தும், வடக்கிலும் மேற்கிலும் தாழ்ந்தும் இருக்கின்றது. தென்கிழக்கிலுள்ள டிராக்கன்ஸ்பர்க் என்னும் விளிம்பு சில இடங்களில் 11,000 அடிக்கு மேற்படுகின்றது.

இவ்விளிம்பு தோன்றியது எவ்வாறு எனின், கூறுதும். பல கோடி ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா, இந்தியத் தீபகற்பம், ஆஸ்திரேலியா, அண்டார்க்டிகா ஆகியவை கோண்டுவானா என்னும் ஒரே நிலப்பரப்பாக இணைந்திருந்தன. அது பிளந்து பிரிந்தபோது, முறிந்த அப்பத்தின் ஓரம்போல ஆப்பிரிக்காவின் ஓரங்கள் நின்றுவிட்டன. நம் மேற்குத் தொடர்ச்சி மலையும் இவ்வாறு முறிந்த ஒரு பீடபூமியின் விளிம்பே. இத்தகைய பிறப்பினால் ஆப்பிரிக்கக் கடற்கரையில் உட்புகும் வளைகுடாக்களும் இயற்கைத் துறைமுகங்களும் அரியவாயின. ஐரோப்பாவின் பரப்பு ஆப்பிரிக்காவின் பரப்பில் மூன்றிலொரு பங்கே. ஆயினும் கடற்கரையின் நீளத்தில் ஐரோப்பாவே மிஞ்சி நிற்கின்றது.

இனி ஆறுகளை நோக்குவோம். பிற நாடுகளில் ஆறு என்பது கடலிலிருந்து உள்நாட்டிற்குச் செல்லும் இயற்கையான பெருவழி. ஆப்பிரிக்காவிலோ, திண்ணையின்மேல் அமைதியாக ஓடிவரும் ஆறு கடலை அணுகுமுன் விளிம்பினின்றும் குதிக்க வேண்டியதாகின்றது. ஆதலின் வழியாக வேண்டிய ஆறே வாயிலை அடைத்த கதவாயிற்று.

காங்கோ நதியின் வரலாறு இதனைத் தெளிவாக்கும். 1482-ஆம் ஆண்டில் போர்ச்சுகீசிய மாலுமி டியோகோ காவ் அந்நதியின் முகத்துவாரத்தை அடைந்தார். அந்நதி சுமார் 2,900 மைல் நீளமுடையதென்றும், பூமத்திய ரேகையை இருமுறை கடந்து வருவதென்றும் ஐரோப்பியர் அறிந்தது 1877-ஆம் ஆண்டிலேயாம். இடையே கழிந்தவை 395 ஆண்டுகள்! வாயிலைக் கண்டவர் உள்ளே செல்லாமைக்குக் காரணம் யாது? கடலிலிருந்து நூறு மைலளவு சென்றதும் அருவிகளின் வரிசை தொடங்கிவிடுகின்றது. சுமார் 220 மைல் தொலைவிற்குள் அந்நதி ஏறக்குறைய 900 அடி தாழ்கின்றது. அவ்வருவிகளுக்கு மேலேயோ ஆயிரம் மைலுக்குமேல் தடையின்றிக் கப்பல் செல்லத்தக்க நீர்ப்பரப்பு விரிந்து கிடக்கின்றது. ஸ்டான்லியும் நதியின் முகத்துவாரத்தினின்று மேலேறினாரல்லர். கீழைக்கரையில் தொடங்கி, ஏறக்குறைய ஆயிரம் நாள் உழன்று, நதியோடு கீழிறங்கியே மேலைக்கடலை அடைந்தார். சுமை தாங்கியும் படகு வலித்தும் அவருடன் சென்ற ஆப்பிரிக்கருள் பலர் வழியில் மாண்டனர். 1898-ஆம் ஆண்டில் அருவிகளைச் சுற்றி இருப்புப்பாதை அமைக்கப்பட்ட பின்னரே வாணிகம் தடையின்றி உட்புகுந்தது.

சாம்பேசி நதியும் இத்தகையதே. டேவிட் லிவிங்ஸ்டன் 1855-ஆம் ஆண்டில் அதன் நடுவே ஒரு பேரருவியைக் கண்டு, அதற்குத் தம் அரசியின் பெயரால் விக்டோரியா என்று பெயரிட்டார். 5,600 அடி அகலமுடைய நீர்ப்பெருக்கு முழுவதும், எரிமலைக் குழம்பு உறைந்த பாறையிலுள்ள பிளவொன்றில் சுமார் 355 அடி வீழ்கின்றது. எழும் நீர்த்துளிகள் பல மைல் தொலைவிலிருந்தே முகிற்கூட்டம்போல் தோன்றும். அங்குள்ள மக்கள் அதனை 'மோசி-ஓவா-துன்யா' என்பர். 'முழங்கும் புகை' என்பது அதன் பொருள். கண்டதையும் கேட்டதையும் ஒரே சொற்றொடரில் அடக்கிய அப்பெயரின் அழகை ஓர் அரசியின் பெயர் பெறுமோ? சாம்பேசி உள்நாட்டிற்குப் பெருவழியாகும் என்று நம்பி, 1858-ஆம் ஆண்டில் லிவிங்ஸ்டன் நீராவிப் படகொன்றில் மேலேறினார். கபோரா பாசா என்னுமிடத்து நதி மலையிடுக்கில் கொந்தளித்து வீழ்ந்து அவர் வழியை மறித்தது. முந்திய பயணத்தில் அவ்விடத்தை விட்டுக் குறுக்கு வழியே சென்றமையால் அத்தடையை அவர் முன்னர்க் கண்டிலர்.

நிற்க, நைல் நதியின் செய்தியும் நினைக்கத்தக்கது. கார்ட்டூமிற்கும் அஸ்வானுக்கும் இடையே ஆறு பாறைத்தடைகள் உள்ளன. அவற்றைக் கடந்து தெற்கே செல்வாரைச் 'சட்' என்னும் பெருஞ்சதுப்பு நிலம் நாணலாலும் மிதக்கும் பூண்டுகளாலும் தடுத்துவிடும். ரோமப் பேரரசன் நீரோ அனுப்பிய வீரரும் அச்சதுப்பு நிலத்தைக் கண்டு மீண்டனர். 1858-ஆம் ஆண்டில் ஸ்பீக் என்பார் விக்டோரியா ஏரியைக் கண்டது நைல் வழியாக அன்று, கீழைக்கரையினின்று கால்நடையாகவே. அவர் சென்ற பாதையோ அராபியரும் நியாம்வேசி மக்களும் நெடுநாளாக வாணிகஞ்செய்து பழகிய பாதை. 'கண்டுபிடிக்கப்பட்டது' என்று நாம் படிப்பவற்றுள் பல இத்தகையனவே.

கிழக்கே இத்திண்ணை நெடுகப் பிளந்து கிடக்கின்றது. நிலவோட்டின் இரு பெரும்பகுதிகள் ஆண்டிற்குச் சில மில்லிமீட்டர் அளவாக விலகுவதால் உண்டாகிய இதனைப் பெரும்பிளவுப் பள்ளத்தாக்கு என்பர். டாங்கனிக்கா ஏரி அப்பிளவில் நீர் நிரம்பியதேயாகும். அதன் ஆழம் சுமார் 4,820 அடி. நீர்மட்டம் கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 2,535 அடியில் இருப்பினும், அதன் அடித்தளம் கடல்மட்டத்திற்கும் கீழே கிடக்கின்றது. உலகில் பைக்கால் ஏரியொன்றே இதனினும் ஆழமானது. இப்பிளவினை ஒட்டி நிலத்தின் உள்ளிருந்து வெளிப்பட்ட குழம்பு உயர்ந்து கிளிமஞ்சாரோ முதலிய மலைகளாயிற்று.

கிளிமஞ்சாரோ 19,340 அடி உயரமுடையது. கண்டத்தின் மிகவுயர்ந்த சிகரம் அதுவே. 1848-ஆம் ஆண்டில் ரெப்மான் என்னும் செர்மானிய மிஷனெரி அதன் உச்சியில் வெண்மையைக் கண்டு பனியெனத் தெளிந்தார். அவருடைய வழிகாட்டியோ அதனைக் 'குளிர்' என்றே எளிதாகக் கூறினான். பூமத்திய ரேகைக்குத் தெற்கே மூன்று பாகையளவில் உறைபனி இருத்தல் எங்ஙனம் என்று லண்டனிலிருந்த பூகோள அறிஞர் கூலி என்பார் மறுத்தெழுதினார். மலையடியில் வாழ்வான் ஒருவன் தோலால் உணர்ந்ததை, நூலறையில் இருந்த அறிஞர் பல ஆண்டுகள் ஏற்றிலர். இருள் எவ்விடத்திருந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அற்றேல், கண்டத்தின் உட்பகுதியில் வாழ்ந்த மக்கள் உலகோடு தொடர்பற்றிருந்தனரோ எனின், அற்றன்று. வடக்கே சுமார் 35 லட்சம் சதுர மைல் பரந்த சகாராவும் அவர்களுக்கு முற்றிலும் தடையாகவில்லை. அதில் மணற்குன்றுகள் கால் பங்கே. எஞ்சியது பாறையும் பரலும். ஏறக்குறைய ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்வரை அது புல் வளர்ந்த நிலமாயிருந்தது. டசிலி மலைக்குகைகளிற் காணப்படும் மாட்டு மந்தைகளின் ஓவியங்களே அதற்குச் சான்று. முல்லை திரிந்து பாலையாகும் என்னும் நம் முன்னோர் கருத்து அங்கு மெய்யாயிற்று. பாலையான பின்னும் ஒட்டக வணிகர் உப்பையும் பொன்னையும் கொண்டு அதனைக் கடந்தனர். 1324-ஆம் ஆண்டில் மாலி நாட்டரசர் மன்சா மூசா அவ்வழியே கெய்ரோவை அடைந்து வழங்கிய பொன் அந்நகரையே வியப்பித்தது. தெற்கிலோ பீடபூமியின்மேல் எழுப்பப்பட்ட ஜிம்பாப்வே கற்கோட்டையின் மதில்கள் சாந்தின்றி அடுக்கப்பட்டு இன்றும் நிற்கின்றன.

அன்று வழியை மறித்த வீழ்ச்சிகள் பின்னர் மின்னாற்றலின் ஊற்றாயின. சாம்பேசியில் 1959-இல் கரீபா அணையும் 1974-இல் கபோரா பாசா அணையும், காங்கோவில் 1972-இல் முதல் இங்கா அணையும் எழுந்தன. ஆயின் கரீபா ஏரியின் பொருட்டு ஐம்பதினாயிரத்திற்கு மேற்பட்ட தோங்கா மக்கள் தம் ஊரை இழந்தனர். கிளிமஞ்சாரோவிலோ, 1912-ஆம் ஆண்டில் இருந்த பனிப்பரப்பில் நூறாண்டிற்குள் பத்தில் எட்டுப் பங்கிற்குமேல் மறைந்துவிட்டது. அன்று இல்லை என்று மறுக்கப்பட்ட பனி, எல்லோரும் அறிந்த பின்னர் உண்மையாகவே இல்லாதொழியும் நிலையில் இருக்கின்றது.

ஆகவே, ஆப்பிரிக்கா இருண்ட கண்டம் அன்று; உயர்ந்த கண்டம். அவ்வுயரத்தை ஏறமாட்டாதார் தம் படத்தில் விட்ட வெற்றிடத்தை அந்நாட்டின் குறையாக எண்ணினர். நமக்குத் தெரியாத நிலத்தையும் மக்களையும்பற்றித் தீர்ப்புரைக்குமுன், நம் பார்வையை மறைத்து நிற்கும் விளிம்பு எது என்று வினவுதல் கற்றார்க்குக் கடனாகும்.