தெள்ளுப்பூச்சி தரும் டைபஸ்

லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில் 2010இல் 31 பேருக்கு வந்த தெள்ளு டைபஸ், 2022இல் 171 பேருக்கு வந்தது. அந்த ஆண்டு மூவர் இறந்தார்கள். ஒருவர் உடலில் நோய் எதிர்ப்பு அணுக்களே கட்டுக்கடங்காமல் போயின. இன்னொருவருக்கு இதயத் தசை வீங்கியது. மருந்து இருக்கும் நோய் இது என்பதுதான் மனதை உறுத்துகிறது.

நோய்க்குக் காரணம் ரிக்கெட்சியா டைஃபி என்ற பாக்டீரியா. எலிகளிடமும் அவற்றின் தெள்ளுகளிடமும் அது காலம்காலமாக வாழ்ந்துவருகிறது. தெற்குக் கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸிலும் ஒப்போசம் என்னும் பைப்பாலூட்டியும் பூனைத் தெள்ளும் அந்தச் சுழற்சியில் சேர்ந்துகொண்டன. வாசலில் பூனைக்கு வைக்கும் உணவைத் தேடி இரவில் ஒப்போசம் வருகிறது. அதன் உடம்பிலிருந்து தெள்ளு பூனைக்குத் தாவுகிறது.

தெள்ளு கடிப்பதைவிட அதன் எச்சமே முக்கிய ஆபத்து. இரத்தம் குடிக்கும்போதே தெள்ளு தோலில் எச்சமிடுகிறது. அரிப்பெடுத்து நாம் சொறிகையில் அந்த எச்சம் கீறலுக்குள் போய்விடுகிறது. ஒன்று, இரண்டு வாரத்தில் கடும் காய்ச்சல், தலைவலி, உடல்வலி. தடிப்பு ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் தெரியும். தெள்ளு கடித்ததே பலருக்கு நினைவிருக்காது. அதனால் வைரஸ் காய்ச்சல் என்று வீட்டுக்கு அனுப்பப்படுபவர்கள் உண்டு.

உள்ளே நடப்பதுதான் கொடுமை. இந்தக் கிருமி இரத்தக் குழாய்களின் உட்சுவர் செல்களுக்குள் புகுந்து பெருகுகிறது. சுவர் சேதமானதும் குழாய்கள் கசிகின்றன. நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், மூளை என எங்கும் இரத்தக் குழாய் உண்டு. ஆகவே எந்த உறுப்பும் தப்பாது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் நோயாளியிடம் பல உறுப்புகள் ஒரே நேரத்தில் தளர்வது இதனால்தான்.

கிருமி செல்லுக்குள் ஒளிந்திருப்பதால் பென்சிலின் வகை மருந்துகள் பயன்படுவதில்லை. விலை குறைந்த டாக்சிசைக்ளின் பயன்படுகிறது. சீக்கிரம் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கும். ஆனால் இரத்தத்தில் எதிர்ப்பொருள் தென்படச் சில நாட்களாவது ஆகும். நோயை உறுதிசெய்ய வாரங்கள் கழித்து இரண்டாவது மாதிரியும் வேண்டும். பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் சந்தேகத்தின் பேரிலேயே மருந்தைத் தொடங்குவதுதான் சரி. சிறுவர்களுக்கும் அதே மருந்துதான். தமிழ்நாட்டில் அதிகம் காணப்படும் ஸ்க்ரப் டைபஸைப் பரப்புவது தெள்ளு அல்ல, சிற்றுண்ணியின் இளம்புழு. ஆனாலும் அதற்கும் இந்த விதி பொருந்தும்.

1940களின் நடுவில் அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஐயாயிரம் பேர் இந்நோயால் பாதிக்கப்பட்டார்கள். எலிகள் நடமாடும் தடங்களில் டிடிடி பூச்சிக்கொல்லியைத் தூவியபின் எண்ணிக்கை சரிந்தது. முதலில் கொன்றது தெள்ளை, எலியை அல்ல. எலி செத்தால் பசித்த தெள்ளு அடுத்த உடம்பைத் தேடும். பக்கத்தில் இருப்பது மனிதனாகவும் இருக்கலாம்.