கல்யாணத்துக்கு 10 மாதம் முன்பே வரும் கார்டு!

கல்யாணப் பத்திரிகை எப்போது வரும்? முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் முன்பு வரும். அவசரக் கல்யாணம் என்றால் பத்து நாள் முன்பு வரும்.

அமெரிக்காவில் சில கல்யாணங்களுக்கு 8 மாதம், 10 மாதம், ஏன், ஒரு வருடம் முன்பே தபாலில் ஒரு சிறிய கார்டு வந்து விடுகிறது! அது பத்திரிகை அல்ல. பத்திரிகை பிறகுதான் வரும். "இந்தத் தேதியில் வேறு வேலை வைத்துக் கொள்ளாதீர்கள்" என்று சொல்வதற்காகவே அச்சடித்த கார்டு. "சேவ் தி டேட்" கார்டு என்று அதற்குப் பெயர்.

ஏன் இந்த அவசரம்?

இந்தக் கல்யாணம் மணமகள் ஊரில் நடப்பது இல்லை. மணமகன் ஊரிலும் நடப்பது இல்லை. ஹவாய்த் தீவில் நடக்கும். அல்லது மெக்சிகோ நாட்டின் கான்கூன் கடற்கரையில் நடக்கும்.

நியூயார்க்கில் இருக்கும் சித்தி ஹவாய்க்குப் போக வேண்டும் என்று வைத்துக் கொள்வோம். நேராகப் போகும் விமானத்திலேயே 10 மணி நேரத்துக்கு மேல் ஆகும். லீவு கேட்க வேண்டும். டிக்கெட்டுக்குப் பணம் சேர்க்க வேண்டும். பயணச் செலவும் ஓட்டல் வாடகையும் பெரும்பாலும் விருந்தாளியின் தலையில்தான்! மணமக்கள் ஓட்டலில் மொத்தமாக அறைகளைப் பேசி, வாடகையைக் கொஞ்சம் குறைத்துக் கொடுப்பார்கள். அவ்வளவுதான்.

மெக்சிகோ என்றால் பாஸ்போர்ட்டும் வேண்டும். முன்பெல்லாம் அமெரிக்கர்கள் பிறப்புச் சான்றிதழைக் காட்டியே விமானத்தில் மெக்சிகோ போய்த் திரும்பினார்கள். 2007-ம் ஆண்டு ஜனவரி முதல் அது நடக்காது. பாஸ்போர்ட் இல்லாத மாமா அதற்கு மனுப் போட்டு வாங்கவே நாள் பிடிக்கும்.

எனவே, கார்டைத் தாமதமாகப் போட்டால் பாதிப் பேர் வர முடியாது.

இடம் முதலில், அச்சு பிறகு

மண்டபம் உறுதி ஆகும் முன் கார்டை அச்சடித்து விட்டு விழிப்பவர்கள் உண்டு. சட்டத்தையும் பார்க்க வேண்டும். ஹவாயில் கல்யாண லைசென்ஸ் வாங்க அங்கே குடியிருக்க வேண்டியது இல்லை. ஆனால் இருவரும் நேரில் போக வேண்டும். வாங்கிய லைசென்ஸ் 30 நாள்தான் செல்லும். பிரான்சு நாட்டில் அப்படி அல்ல. அங்கே சட்டப்படி மணம் முடிக்க, அந்த ஊரோடு குடியிருப்புத் தொடர்பு இருக்க வேண்டும். ஆகவே பலர் சொந்த ஊரில் பதிவை முடித்து விட்டு, பிரான்சில் சடங்கை மட்டும் நடத்துகிறார்கள்.

கான்கூன் பக்கம் ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். ஓட்டல் வாடகை மலிவாக இருக்கிறதே என்று மயங்கி அந்த மாதங்களில் தேதி வைத்தால், கூடவே கவலையும் வரும்!

6/7 என்றால் எந்த நாள்?

கார்டில் எழுதுவது கொஞ்சமே. இருவர் பெயர், தேதி, ஊர், "பத்திரிகை பின்னால் வரும்" என்று ஒரு வரி. ஓட்டல் விவரம் பார்க்க ஓர் இணைய முகவரியும் போடுகிறார்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அமெரிக்கர் 6/7 என்று எழுதினால் ஜூன் 7. அதையே இங்கிலாந்தில் இருக்கும் நண்பர் படித்தால் ஜூலை 6! ஒரு மாதம் கழித்து அவர் கோட்டும் சூட்டுமாகக் கடற்கரையில் போய் நின்றால் என்ன ஆவது? மாதத்தை எழுத்தில் எழுதி விட்டால் தொல்லை இல்லை.

சதுரக் கவர் அழகுதான், ஆனால்...

சதுரமான கவர் பார்க்க அழகாக இருக்கும். தபாலாபீசுக்கு அது பிடிக்காது! அங்கே கடிதங்களைப் பிரிப்பது இயந்திரம். நீளப் பக்கம் எது, உயரப் பக்கம் எது என்று தெரிந்தால்தான் அது கவரைச் சரியாக நிறுத்தும். கவரின் நீளம் உயரத்தைப் போல 1.3 மடங்குக்குக் குறையக் கூடாது, 2.5 மடங்குக்கு மேல் போகவும் கூடாது. சதுரத்துக்குக் கூடுதல் தபால் தலை ஒட்ட வேண்டும். எடை ஒரு அவுன்சைத் தாண்டினாலும் கூடுதல் கட்டணம். அதாவது சுமார் 28 கிராம்.

குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டிக் கொள்ளும் காந்தக் கார்டுகளும் உண்டு. தினமும் கண்ணில் படும் என்பதால் பலருக்கு அது பிடிக்கிறது. ஆனால் அது விறைப்பானது, இயந்திரத்தில் சிக்கும். விவரம் தெரிந்தவர்கள் ஒரே ஒரு கார்டை ஒட்டித் தங்கள் முகவரிக்கே அனுப்பிப் பார்க்கிறார்கள். அது கசங்காமல் வந்து சேர்ந்த பிறகே மற்றவை போகும்.

தபால் தலைக்கும் இதில் இடம் உண்டு. "லவ்" என்ற எழுத்துக்கள் பொறித்த தபால் தலையை அமெரிக்கத் தபால் இலாகா 1973-ல் வெளியிட்டது. அப்போது விலை 8 சென்ட். அதன் பிறகு புதுப்புது "லவ்" தலைகள் வந்து கொண்டே இருக்கின்றன.

கவர் மேல் யார் பெயர்?

சண்டை வருவது இங்கேதான். நம் பத்திரிகையில் "குடும்பத்துடன் வருக" என்று ஒரு வார்த்தை போட்டால் போதும். அங்கே கவரில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு மட்டுமே அழைப்பு. கணவன், மனைவி பெயர் மட்டும் இருந்தால் பிள்ளைகளுக்கு இடம் இல்லை என்று பொருள். கைக்குழந்தை வைத்திருக்கும் அக்காள் அந்தக் கவரைப் பார்த்தால் மனம் என்ன பாடுபடும்?

கார்டு கொடுத்து விட்டுப் பிறகு பத்திரிகை கொடுக்காமல் இருப்பதும் பெரிய அவமதிப்பு. ஆகவே கார்டு போட்டவருக்குப் பத்திரிகை போட்டே ஆக வேண்டும். பட்டியலில் சந்தேகம் உள்ளவர்களை இந்தச் சுற்றில் விட்டு விடுவதே வழக்கம்.

பாட்டியின் சங்கதி வேறு. அவளால் விமானம் ஏற முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் முதல் கார்டு அவளுக்குத்தான் போக வேண்டும். நல்ல பேத்திகள் கார்டு போகும் முன்பே பாட்டிக்குப் போன் செய்து பேசி விடுகிறார்கள். ஊர் திரும்பியதும் பாட்டி வீட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு விருந்து வைப்பவர்களும் உண்டு. அந்தத் தேதியையும் பாட்டியின் கார்டில் கையால் எழுதி விடுகிறார்கள்.

தேதி மாறிய ஆண்டு

2020-ல் கொரோனா வந்தது. கார்டு கிடைத்து, லீவு சொல்லி, டிக்கெட்டும் வாங்கியவர்கள் வீட்டிலேயே அடைந்து கிடந்தார்கள். அச்சகங்களுக்கு அப்போது ஒரு புது வேலை வந்தது. "தேதி மாறி விட்டது" என்று ஒரு கார்டு! குளிர்ப்பெட்டிக் கதவில் பழைய கார்டு இருக்க, அதன் மேலேயே புதிய கார்டு ஏறியது. மறு ஆண்டிலும் நோய் விடவில்லை. சில வீடுகளில் மூன்றாவது கார்டும் ஏறியது.