வெண்சுதை மாளிகை

கண்டிமாநகரில் தலதா மாளிகைக்கு அணித்தாய், உடவத்தைக் காட்டின் அடிவாரத்தில், மரச்செறிவினுள்ளே ஒரு வெண்மாளிகை உளது. இன்று சனாதிபதி மாளிகை என வழங்கும் அதனைக் கட்டுவித்தவர், 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாயிருந்த சேர் எட்வேட் பாண்ஸ். கொழும்பு – கண்டி வீதியும் அவர் முயற்சியே. 1944 இல் பேராதனைப் பூங்காவிற் படைத்தலைமையகம் அமைத்த மவுண்ட்பேட்டன் பிரபு தங்கியதும் இம்மாளிகையிலேதான். காவலுக்குட்பட்ட மனையாதலின் எம் மாணவரை உள்ளே அழைத்துச் செல்ல இயலாது. எழுதிக் காட்டவேனும் இயலுமன்றோ?

ஆங்கிலப் பிரபுக்களின் நாட்டுப்புற மாளிகைகளே இதற்கு முன்மாதிரி. அவற்றுக்கு மூலமானவர் இத்தாலியரான பல்லாடியோ (1508–1580). உரோமக் கோயில்களின் தூண்முகப்பையும், இருபாலும் ஒத்திருக்கும் அமைப்பையும் அவர் செல்வர் மனைகளுக்கு உரியனவாக்கினார். பதினேழாம் நூற்றாண்டில் இனிகோ ஜோன்ஸ் அம்முறையை இங்கிலாந்திற் புகுத்தினார். எமது நாற்சார் வீடு முற்றத்தை நடுவே வைத்து உள்நோக்கியிருக்கும். இவ்வகை மனையோ தன் முகத்தைப் புறத்தே காட்டி நிற்கும். காண்போர் மதிக்கவேண்டும் என்பதே அதன் கருத்து.

வடிவம் அயலதாயினும் மேனி அயலதன்று. எமேர்சன் தெனன்ற் 1859 இல் வெளியிட்ட இலங்கை நூலில், இம்மாளிகை நாட்டின் வெப்பதட்பத்துக்கு இசைந்தது எனப் புகழ்கிறார். அதன் சுவரும் தூணும் சிப்பியைச் சுட்டுச் செய்த சுண்ணச்சாந்து பூசப்பெற்றுப் பளிங்கை ஒத்தன என்கிறார். சிப்பியை நீற்றி, அரித்து, குழைத்துப் பூசி, வழவழப்பான கல்லால் ஓயாது தேய்த்தாலன்றி அம்மெருகு வராது. தமிழ்நாட்டுக் கொத்தர் நன்கறிந்த வேலை இது. இலண்டனிலிருந்து கப்பலேறி வந்ததன்று.

இவ்வெண்மையிலேதான் எமக்கு ஓர் ஐயம். 1660 முதல் 1679 வரை கண்டியிற் சிறையிருந்த றொபேட் நொக்ஸ், குடிமக்கள் தம் வீட்டுக்கு ஓடு வேய்தலும் சுவருக்குச் சுண்ணாம்பு பூசுதலும் விலக்கப்பட்டிருந்தன, அவை அரசனுக்கே உரியன, என 1681 இல் எழுதினார். 1815 இல் அரசு வீழ்ந்தது. வெள்ளைச் சுவர் அரசனுடையது என்று தம் முன்னோர்வழி அறிந்த கண்டியர், சில ஆண்டுகளுள் குன்றடியில் எழுந்த இம்மாளிகையை எவ்வாறு நோக்கியிருப்பர்? பல்லாடியோவின் பெயரை அவர் கேட்டிரார். தூண்முகப்பு சொல்லாததைச் சுண்ணாம்பு சொல்லியிருக்கும் என்பதே எம் கருத்து. பாண்ஸ் இதனை எண்ணிச் செய்தாரெனக் கூறத் துணியோம்.

வகுப்பில் இதனை விளக்கியபோது ஒரு மாணவன் எழுந்து, “எங்கள் வீட்டுக்கு முதன்முதல் வெள்ளையடித்தது எக்காலத்தில், ஐயா?” என வினவினான். பாட்டனாரைக் கேட்டு வருமாறு கூறி அனுப்பினோம்.