பாவு இழைகள் விலகுவது ஏன்?

பாலியெஸ்டர் நூலைத் தறியேற்றும் அங்கத்தினர்கள், வறண்ட நாட்களில் பாவு இழைகள் தாமாகவே விலகி விரிவதைக் கண்டிருப்பர். விரிந்த இழை நாடாவில் சிக்கி அறும். அதை முடியிடும் பொழுதிற்குக் கூலியில்லை. நூற்பாலையைப் பழித்துப் பயனில்லை என்பதே நம் கருத்து.

அச்சிலும் விழுதிலும் உராயும்போது எலெக்ட்ரான்கள் ஒரு பொருளினின்று மற்றொன்றிற்குப் பெயர்கின்றன. இழைகள் யாவும் ஒரே வகை மின்னூட்டம் பெறுவதால் ஒன்றையொன்று தள்ளுகின்றன. அம்மின்னூட்டத்தின் விசை இழையைச் சுற்றிய வெளியிலும் எட்டும், அவ்வெளியே மின்புலம். மின்னூட்டமற்ற பஞ்சுத்தூசியையும் அது இழுத்து ஒட்டவைக்கும்.

பருத்தி ஏறத்தாழ 8 சதவீதம் ஈரம் ஏற்பதால் மின்னூட்டம் அதன் வழியே வடிந்துவிடுகிறது. பாலியெஸ்டர் ஏற்பதோ 0.4 சதவீதமே. எனினும் சுற்றுக்காற்று ஈரமானால் இழையின் மேற்பரப்பே வடிகாலாகும். ஆகவே தறிக்கூடத்தில் ஈரச்சாக்குகளைத் தொங்கவிடுக. நூலையே நனைத்தல் கூடாது, கஞ்சி இளகிவிடும்.