ஆயில் எங்கே போகிறது?

கடன் பெற்று வாங்கிய சரக்கு வாகனமோ வாடகைக் காரோ எஞ்சின் பழுதாகிப் பணிமனையில் நின்றுவிட்டால், வருமானம் நின்றுவிடும். மாதத் தவணை நிற்காது. ஆயில் வற்றி எஞ்சின் இறுகிப்போனால், அதைச் சீர்செய்ய ஆகும் செலவு பல சர்வீஸ்களின் செலவை விழுங்கிவிடும். வழக்கமான வாகனக் காப்பீடு விபத்துச் சேதத்தை ஈடுசெய்யுமே தவிர, இயந்திரக் கோளாறையும் தேய்மானத்தையும் ஏற்பதில்லை. ஆகவே அந்த இழப்பு பெரும்பாலும் உரிமையாளரையே சேர்கிறது.

ஆயில் பெரும்பாலும் ஒரே நாளில் வற்றிவிடுவதில்லை. தரையில் கறையாகவோ, சைலன்சரில் புகையாகவோ தன் வழியைக் காட்டிவிட்டே குறைகிறது. அந்த வழியை அறியாமல் குறையும்போதெல்லாம் ஊற்றிக்கொண்டிருப்பது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதற்கு ஒப்பாகும்.

இருப்பை அறிதல்

வாகனத்தைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சுமார் பத்து நிமிடம் காத்திருங்கள். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மீண்டும் முழுமையாகச் செருகி எடுத்துப் பாருங்கள். ஆயில் மேல்குறிக்கும் கீழ்க்குறிக்கும் இடையே இருக்க வேண்டும். பல கார்களில் இவ்விரு குறிகளுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு லிட்டர். சில இருசக்கர வாகனங்களில் டிப்ஸ்டிக்கைத் திருகாமல் வைத்தே அளக்க வேண்டும். வாகனக் கையேடு இதைத் தெளிவுபடுத்தும்.

100 சிசி மோட்டார் சைக்கிள்கள் பலவற்றின் மொத்தக் கொள்ளளவே ஒரு லிட்டர் அளவுதான். அவற்றில் 200 மில்லி குறைந்தாலே ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். அளந்த நாளையும் கிலோமீட்டரையும் குறித்து வையுங்கள். எல்லா எஞ்சின்களும் சிறிதளவு ஆயிலைச் செலவிடும். அது மாதத்துக்கு மாதம் கூடுகிறதா என்பதே கவனிக்க வேண்டியது.

வெளியே கசிகிறதா?

இரவில் எஞ்சினுக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்துக் காலையில் பாருங்கள். பழுப்பு அல்லது கறுப்பு நிறக் கறை எஞ்சின் ஆயிலாக இருக்கலாம். பச்சை அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில் இனிய வாடையுடன் இருந்தால் அது கூலன்ட். நிறமற்ற நீர் பெரும்பாலும் ஏசியிலிருந்து வடிந்தது.

கசியும் ஆயில் கீழ்நோக்கி வழியும்; ஓட்டத்தில் காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். ஆதலால் சொட்டும் இடமே கசியும் இடமென்று முடிவுசெய்யலாகாது. எஞ்சினைத் துடைத்துச் சுத்தம் செய்து, சிறிது தூரம் ஓட்டியபின், ஈரம் காணும் மிக உயரமான இடத்தைத் தேட வேண்டும். சர்வீஸ் முடிந்த உடனே கசிந்தால், வடிகால் போல்ட்டின் வாஷரையும் ஆயில் ஃபில்டரையும் முதலில் பாருங்கள். பழைய வண்டிகளில் எஞ்சினின் மேல்மூடிக் கேஸ்கட் அடிக்கடி கசியும். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருமிடத்தில் கசிவிருந்தால், சீலின் விலை குறைவானாலும் கியர்பாக்ஸை இறக்கும் கூலி அதிகம்.

சீல்களை மாற்றச் சம்மதிக்குமுன், எஞ்சினின் காற்றுப்போக்குக் குழாயும் அதன் வால்வும் அடைபட்டுள்ளனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். அவை அடைபட்டால் உள்ளழுத்தம் ஏறி, புதிய சீல் வழியாகவும் ஆயில் வெளியேறும்.

உள்ளே எரிகிறதா?

தரை சுத்தமாக இருந்தும் அளவு குறைந்தால், ஆயில் உள்ளே எரிகிறது என்று ஐயுறலாம். அதன் அடையாளம் நீலம் கலந்த புகை. காலையில் எஞ்சினை இயக்கியதும் சிறிது புகைந்து நின்றுவிட்டால், வால்வு சீல்கள் தேய்ந்திருக்கலாம். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் புகைந்தால், பிஸ்டன் ரிங்குகளே முதல் ஐயத்துக்குரியவை. டர்போ உள்ள வண்டிகளில் அதன் சீலையும் சோதிக்க வேண்டும். கம்ப்ரெஷன் சோதனை செய்யாமல் எஞ்சினைப் பிரிக்க அனுமதிக்காதீர்கள்.

அளவு கூடினாலும் ஆபத்து

ஊற்றாமலே ஆயில் அளவு ஏறினால் மகிழ வேண்டாம். வேறொன்று அதில் கலக்கிறது. ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்து, கூலன்ட்டும் குறைந்துவந்தால், ஹெட் கேஸ்கட் பழுதடைந்திருக்கலாம். வண்டியை ஓட்டாமல் பணிமனைக்கு எடுத்துச் செல்லச் செய்யுங்கள். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.-6 விதிக்குட்பட்ட டீசல் கார்கள் பலவற்றில், புகைக்கரியைத் தேக்கும் வடிகட்டி உண்டு. அது சேர்ந்த கரியை அவ்வப்போது எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். நகருக்குள் குறுந்தொலைவே ஓட்டினால் அப்பணி பாதியில் தடைபட்டு, டீசல் ஆயிலில் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும்.

நிறத்தையும் விளக்கையும் அறிதல்

ஆயில் கறுத்துவிட்டதாலேயே கெட்டுவிட்டதென்று கொள்ள வேண்டாம். டீசல் எஞ்சினில் அது விரைவில் கறுப்பது இயல்பு. ஆனால் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் தாமதம் கூடாது. அது காட்டுவது ஆயிலின் அழுத்தக் குறைவை. அடுத்த பெட்ரோல் பங்க் வரை ஓட்டலாம் என்று எண்ணாமல், பாதுகாப்பாக ஓரத்தில் நிறுத்தி உடனே எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

ஆயிலை மாற்றும்போது கையேடு குறிப்பிடும் தரத்தையே கேளுங்கள். ஆயிலில் நனைந்து இயங்கும் கிளட்ச் கொண்ட மோட்டார் சைக்கிளுக்கு ‘ஜாசோ எம்.ஏ.’ தரம் உரியது. காருக்கான ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கக்கூடும்.

ஒவ்வொரு சர்வீஸ் ரசீதையும் பாதுகாத்து வையுங்கள். உத்தரவாதக் காலத்தில் எஞ்சின் பழுதானால், முறையாகப் பராமரித்ததற்கு அதுவே சான்று. காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது, கூடுதல் கட்டணத்தில் கிடைக்கும் எஞ்சின் பாதுகாப்புப் பிரிவு எந்தெந்தச் சேதங்களை ஏற்கிறது என்பதையும் படித்தறிந்து முடிவு செய்யுங்கள்.